பட்டணத்தில் ஒரு வேளைச் சாப்பாடு

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்ததுமே கண்டுகொள்ளலாம். அவர்கள் கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். இன்னும் சிலரும் அங்கே நிற்பார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞர், பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கணவரைப் பார்க்கப் போகும் அம்மா, கோர்ட்டு வாய்தாவுக்குப் போகும் விவசாயி என்று பலர். சென்னைக் கடற்கரை நிலையம் அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். வண்டி ஏறிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் மத்தியானம் எங்கே சாப்பிடுவது?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தார். "எங்கே சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "இரண்டு வாழைப்பழம், ஒரு டீ சார். ஓட்டல் வாசல்வரை போனேன். கண்ணாடிக் கதவு போட்டிருந்தது. உள்ளே என்ன விலையோ என்று திரும்பி வந்துவிட்டேன்" என்றார். பிற்பகல் மூன்று மணிக்கு அவரை உள்ளே அழைத்தபோது அவருக்குக் கேள்விகளே சரியாகக் காதில் விழவில்லையாம்.

இது அவர் ஒருவருடைய சங்கடம் அன்று. வெளியூரிலிருந்து வருகிற ஒருவன், கையில் உள்ள சிறு தொகைக்கு, நல்ல உணவை, தலைநிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்பது பட்டணங்களின் பழைய பிரச்சினை. அது எப்படித் தீர்க்கப்பட்டு வந்தது என்று தெரிந்துகொண்டால், நாளை நீங்கள் போகும்போது எங்கே நுழைவது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கட்டுச்சோற்றின் காலம்

ஓட்டல்கள் தோன்றும் முன்னர் பயணிக்கு நம்பிக்கையானது கட்டுச்சோறுதான். புளிச்சோறும் தயிர்ச்சோறும் நம் முன்னோரின் அனுபவ அறிவியல். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் நுண்ணுயிர்களைப் பெருகவிடாது. சோற்றின் மேல் படியும் நல்லெண்ணெயும், ஈரம் வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும் அதற்குத் துணை செய்கின்றன. தயிர்ச்சோற்றைக் கட்டும்போது பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதளவும் சேர்ப்பார்கள் அல்லவா? வழியிலேயே பால் தயிராக மாறி, சாப்பிடும் வேளைக்குப் பதமாக இருக்கும். அப்போது உண்டாகும் லாக்டிக் அமிலமே சோற்றைக் காக்கிறது.

ஆனால் கட்டுச்சோறு ஒரு நாளைக்குத்தான் வரும். பட்டணத்தில் மூன்று நாள் தங்க நேர்ந்தவன் என்ன செய்வான்? உறவினர் வீடு இருந்தால் அங்கே போவான். இல்லையென்றால் சத்திரத்தைத் தேடுவான்.

கஞ்சித்தொட்டி

1780ஆம் ஆண்டில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. போரோடு பஞ்சமும் வந்தது. கிராமங்களை விட்டு மக்கள் சென்னையை நோக்கி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782இல் ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம். பிற்காலத்தில் அதையொட்டி மருத்துவமனை வளர்ந்தது. அதுவே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வடசென்னையின் முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் பெயரில் பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியின் நினைவு தங்கிவிட்டது.

ரயில் வந்தபின் சத்திரங்கள் நிலையங்களுக்கு அருகே எழுந்தன. சென்னை சென்ட்ரல் நிலையம் 1873இல் திறக்கப்பட்டது. அதன் எதிரே, வெளியூர்ப் பயணிகளுக்காகச் சவளை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தென்னாற்காடு மாவட்டத்து வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இன்ன சாதி என்று கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறு என்பது அங்கே விதி. எல்லாச் சத்திரங்களிலும் அந்த விதி இருந்ததில்லை. சில சத்திரங்களின் சாசனத்திலேயே இன்னாருக்குத்தான் உணவு என்று எழுதியிருந்தார்கள்.

பெரிய அண்டாவின் கணக்கு

கஞ்சித்தொட்டி ஏற்பட்ட எட்டு ஆண்டுகளுக்குள், 1790இல், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒருவர் இதே வேலையை வேறு விதமாகச் செய்தார். அவர் பெயரை இயற்பியல் மாணவர்கள் அறிவார்கள். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்து 1798இல் கட்டுரை எழுதிய ரம்ஃபோர்டு பிரபுதான் அவர். நகரத்து ஏழைகளுக்காக வேலைக்கூடம் ஒன்றை நிறுவி, பார்லியும் பட்டாணியும் இட்ட சூப்பைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சினார். வெப்பம் வீணாகாத மூடிய அடுப்புகளையும் அமைத்தார். தண்ணீரே உடலுக்கு ஊட்டம் தருகிறது என்று அவர் எண்ணியது தவறு. ஆனால் அடுப்பைப் பற்றி அவர் எண்ணியது சரி.

ஏன் பலருக்குச் சேர்த்துச் சமைத்தால் செலவு குறைகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாத்திரம் பத்து லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகி, எண்பது லிட்டர் கொள்ளும். ஆனால் வெளிப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். வெப்பம் வெளியே ஓடுவது பரப்பின் வழியாக அல்லவா? ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் வீணாகும் வெப்பம் பாதியாகக் குறைகிறது. நீரைக் கொதிக்க வைப்பதற்குரிய வெப்பம் லிட்டருக்கு லிட்டர் மாறாது. வீணாகும் பங்குதான் குறையும். இதனுடன் மொத்தமாக வாங்கும் அரிசி, ஒரே ஆள் நூறு பேருக்குச் சமைக்கும் உழைப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் மிகுந்த சாதாரண ஓட்டலில் சாப்பாடு மலிவாக இருந்தால், மட்டமான பொருளைப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டவேண்டியதில்லை. பெரிய அண்டாவே விலையைக் குறைக்க வல்லது.

அறிஞர்களும் அலைந்தார்கள்

பட்டணத்தில் சாப்பாட்டுக்கு அலைந்தவர்களின் வரிசையில் பெரியவர்களும் உண்டு. 1888இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தியடிகள், தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி மாமிசம் உண்ணாமல், பாதி வயிற்றோடு நாட்களைக் கழித்தார். சைவ உணவு விடுதிகள் லண்டனில் உண்டு என்று அவர் தங்கியிருந்த வீட்டு அம்மாள்தான் சொன்னார். அதன்பின் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் முதன்முதலாக அங்கேதான் வயிறார உண்டதாக எழுதியிருக்கிறார். பின்னர் காலையும் இரவும் அறையிலேயே எளிய உணவைச் செய்துகொண்டு, பகலில் மட்டும் வெளியே சாப்பிட்டு, நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் காலம் தள்ளினார்.

நம் கணிதமேதை இராமானுஜன் நிலை இன்னும் கொடியது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேருமுன், திருவல்லிக்கேணியில் நண்பர்களின் தயவில் உண்டு வாழ்ந்தவர் அவர். 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தாம் பாதிப் பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காத்துக்கொள்ளத் தமக்கு முதலில் உணவு வேண்டும் என்றும் தெரிவித்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் போனார். உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அவர் உண்ணக்கூடிய உணவு அங்கே எந்த விடுதியிலும் இல்லை. தம் அறையிலேயே தாமே சமைத்தார். முதல் உலகப்போரில் பொருள்கள் அரிதாயின. உடல் கெட்டது. நோய்க்குக் காரணம் உணவு மட்டும் என்று சொல்ல முடியாது. ஆயினும் அருகில் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டல் வந்தது

சென்னையில் இன்று நாம் அறிந்த சைவ ஓட்டலுக்கு உருவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ். சமையற்கட்டு எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1920களில் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் சிறிய ஓட்டல் நடத்தினார். 1938இல் ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' ஓட்டலைத் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் சாலையில் காரிலிருந்தபடியே சாப்பிடும் 'டிரைவ் இன்' வந்தது. அது 2008இல் மூடப்பட்டு, அந்த இடம் 2010இல் செம்மொழிப் பூங்காவாயிற்று.

இட்டலி, தோசை, சாம்பார், காப்பி ஆகியவற்றைக் காசு கொடுத்தால் எந்நேரமும் பெறலாம் என்ற நிலை சாதாரண மாறுதல் அன்று. சத்திரத்தில் உண்டவன் தருமம் பெற்றவன். ஓட்டலில் உண்டவன் விலை கொடுத்தவன். அவன் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகைகள் அந்நாளில் சாதாரணம். பல ஓட்டல்களில் பிராமணர்க்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ வாசலில்கூட இடமில்லை. ரயில் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றி வந்தது. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் அவர்களைப் பிரித்தார்கள்.

1930களில் ஒரு விவசாயக் கூலியின் மகன் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போனதாக எண்ணிப் பாருங்கள். சட்டைப்பையில் காசு இருந்தாலும் அவனுக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைத்திராது. மலிவான உணவு இருந்ததா என்று மட்டும் கேட்டால் வரலாறு முழுமையாகாது. யாருக்கு இருந்தது என்றும் கேட்கவேண்டும்.

கதவு திறந்தது

அது தானாகத் திறக்கவில்லை. பெரியாரும் அவர் தோழர்களும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக, ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்னும் வழக்கம் 1941இல் நீக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், 15ஆம் விதியில் உணவு விடுதிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் அங்கே தடுக்கலாகாது. 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோரைத் தண்டிக்க 1955இல் தனிச் சட்டம் வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் முன், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர்.

சில கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வழக்கம் இதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது என்பதையும் மறைக்கலாகாது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே நுழையும் துணிவை மக்கள்தாம் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஊர்ச் சுவை வந்த வழி

பட்டணத்தில் உண்மையான ஊர்ச் சுவை எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். அது ஊரை விட்டு வந்தவர்களோடு வந்தது. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டிக்காரர்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரில் முனியாண்டி விலாஸ்களை நடத்தினார்கள். 1930களில் காரைக்குடியில் தொடங்கிய இந்த அசைவ ஓட்டல்கள் பிறகு ஊர் ஊராகப் பரவின. தொழில் நடத்துவோர் ஆண்டுதோறும் ஊருக்குத் திரும்பி, கோயில் திருவிழாவில் வந்தவர்க்கெல்லாம் பிரியாணி இடுகிறார்கள். மவுண்ட் ரோட்டில் 1951இல் புகாரி ஓட்டல் வந்தது.

நம் ரயில் போய் முடியும் கடற்கரை நிலையத்தின் அருகே இன்னொரு வரலாறு இருக்கிறது. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் தமிழர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். அகதிகளாய் வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969இல் ஏற்பட்டதே பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த உணவு 'அத்தோ' என்னும் நூடுல்சும், வாழைத்தண்டுச் சாறான 'மொய்ங்கா'வும். இன்றும் அங்கே தள்ளுவண்டிகளில் கிடைக்கின்றன. ஊரை இழந்தவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட உணவு அது. பிறகே மற்றவர்களும் தேடி வந்தார்கள்.

இதிலிருந்து ஓர் அடையாளம் கிடைக்கிறது. தன் ஊர்க்காரர்களும், நாள்தோறும் வரும் வாடிக்கையாளர்களும் சாப்பிடும் இடத்தில் சுவையை ஏமாற்ற முடியாது. இன்று வந்து நாளை காணாமல் போகிறவர்களை நம்பி நடக்கும் கடையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பெயர்ப்பலகையும் பால்மானியும்

சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பயணம் செய்தவர்கள் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகைகளை வரிசையாகக் கண்டிருப்பார்கள். கும்பகோணம் அங்கிருந்து வெகு தொலைவு. அந்த 'டிகிரி' என்ற சொல் பால்மானியிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பால்மானியின் கதையே நமக்கு நல்ல பாடம்.

பால் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலினது சுமார் 1.03. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, நல்ல பாலில் கருவி மேலே நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் தாழும். ஆனால் கள்ளத்தனம் செய்பவன் முதலில் பாலேட்டை எடுத்துவிடுவான். கொழுப்பு இலேசானது. அது போனதும் பாலின் அடர்த்தி கூடிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றி அடர்த்தியைப் பழைய அளவுக்கே கொண்டுவருவான். பால்மானி 'நல்ல பால்' என்று காட்டும்! குடித்துப் பார்த்தவனின் நாக்குத்தான் உண்மையைச் சொல்லும். பெயர்ப்பலகையும் ஒரு பால்மானிதான். அதை மட்டும் நம்பி உள்ளே போகக்கூடாது.

நீங்கள் தேடும்போது

முதலில், கூட்டத்தைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், குமாஸ்தாக்கள், மேன்சன்வாசிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் சாப்பிடும் இடம் எது? எழும்பூர், திருவல்லிக்கேணி, பாரிமுனை, பெரிய ஆஸ்பத்திரிச் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் இத்தகைய மெஸ்கள் உண்டு. சந்துக்குள் இருக்கும். காந்தியடிகளைப்போல உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் பெரிய ஓட்டலைக் காட்டுவார்கள். "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, சூட்டைப் பாருங்கள். நோய் உண்டாக்கும் பல பாக்டீரியாக்கள் 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை பெருகக்கூடியவை. சாதகமான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். ஆறிய சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நச்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆவி பறக்கும் இட்டலியும், கொதிக்கும் சாம்பாரும், வடித்தவுடன் தீர்ந்துபோகும் சோறும் உங்களுக்குக் காவல். கூட்டமுள்ள கடையில் பண்டம் தேங்காது. வகைகள் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, விலையைக் கேளுங்கள். உட்காருமுன் கல்லாவில் கேட்டால் குறைவில்லை. அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்குரிய 14 இலக்க உரிம அல்லது பதிவு எண் கண்ணில் படும்படி இருக்கவேண்டும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

கையில் மிகக் குறைவாகவே இருந்தால் மாநகராட்சியின் மலிவு உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்டலி 1 ரூபாய்க்கும், தயிர்ச் சாதம் 3 ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தனர். அரசு மருத்துவமனை வளாகங்களிலும் திறக்கப்பட்டன. கஞ்சித்தொட்டியில் வாங்கியவன் கையேந்தி நின்றான். இங்கே ஒரு ரூபாயாவது கொடுத்து டோக்கன் வாங்கி உண்கிறான். அந்த ஒரு ரூபாய்க்கு அதற்குரிய மதிப்பு உண்டு.

என் மாணவர் அடுத்த முறை சென்னைக்குப் போனபோது, கண்ணாடிக் கதவுள்ள ஓட்டலைத் தேடவில்லை. எழும்பூரில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளியைக் கேட்டாராம். அவர் சந்துக்குள் அழைத்துப்போய் ஒரு மெஸ்ஸைக் காட்டினாராம். "சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் சுடச்சுட, சார்" என்றார். மோரும் சுட்டதா என்று நான் கேட்கவில்லை.

நீங்களும் அடுத்த முறை ரயில் ஏறும்போது தயங்காதீர்கள். பசியோடு திரும்பி வருவதற்காக அந்தக் கதவுகளைத் திறந்து வைக்கவில்லை. பெயரும் ஊரும் சாதியும் கேளாமல் ஒரு புதியவனுக்கு இலை போடும் வழக்கம் நமக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. விலையைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் உட்காருங்கள்.